மதகைப் பார், பிறையைப் பார்: காவிரி டெல்டாவில் புதிதாகத் தூண்டில் போடுகிறவர்களுக்கு

ஒரு ஆவணி மாதம். சென்னையில் வேலை பார்க்கும் என் மைத்துனர் புது ராடும் ரீலும் வாங்கிக்கொண்டு கும்பகோணம் வந்து இறங்கினார். புதன்கிழமை நான்தான் போனில் சொல்லியிருந்தேன், "அரசலாத்துல தண்ணி நல்லா போவுது மாப்ள, கிளம்பி வாங்க" என்று. சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குக் கரையில் போய் நின்றால் ஆற்றில் கணுக்கால் நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர். முறை மாறிவிட்டது. கல்லணையில் தண்ணீரை வெண்ணாற்றுப் பக்கம் திருப்பிவிட்டார்கள், எங்கள் பக்கம் வற்றிவிட்டது. மைத்துனர் அந்த ஈர மணலில் நின்று ராடை வீசிப் பழகிவிட்டு ஊர் திரும்பினார்.

தப்பு என்னுடையது. இருபது வருடமாகத் தூண்டில் போடுகிறவன், அன்றைய செய்தியைப் பார்க்காமல் ஆளை வரச் சொல்லிவிட்டேன். அதனால் இந்தக் கட்டுரையில் ராடு, ரீல், இரை எல்லாம் அப்புறம்தான். டெல்டாவில் ஆறு மதகு சொல்கிறபடி ஓடும். கும்பகோணத்தில் ஒரு வாரம் கொட்டினாலும் காவிரியில் பெரிதாக ஒன்றும் தெரியாது. குடகில் கொட்டினால் இங்கே கரை தட்டும். ஆறு முடிந்து கடல் தொடங்கும் முகத்துவாரத்தில் மதகின் வேலையை நிலா எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டையும் படிக்கத் தெரிந்துவிட்டால் இருநூறு ரூபாய் மூங்கில் கழியே போதும்.

முதலில் தண்ணீர்ச் செய்தி

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது பழைய வழக்கம். ஆனால் வருடா வருடம் அப்படியே நடக்கும் என்று நம்பி லீவு போடாதீர்கள். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் போல ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரியும். அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழனாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு என்று கிளைத்துக்கொண்டே போய்க் கடைமடைக்குச் சேர இன்னும் ஒரு வாரம் பத்து நாள் பிடிக்கும். தண்ணீர் குறைவாக இருக்கிற காலத்தில் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் விட மாட்டார்கள். சில நாள் இதில், சில நாள் அதில். இதைத்தான் முறைப்பாசனம் என்கிறோம். விவசாயிக்கு அது நாற்றங்கால் கவலை. நமக்கு, எந்தக் கரைக்கு எந்தக் கிழமை போவது என்கிற கேள்வி.

செய்தியில் "கல்லணையிலிருந்து காவிரியில் வினாடிக்கு இத்தனை கன அடி" என்று வரும். ஒரு கன அடி என்பது 28 லிட்டர் சொச்சம். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நேற்றைக்கு எவ்வளவு, முந்தாநாள் எவ்வளவு என்று சேர்த்துப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே இருந்தால் போக வேண்டாம்: தண்ணீர் கலங்கி, குப்பை வந்து தூண்டில் நரம்பில் சுற்றும், காலடி மண்ணும் சரியும். மூன்று நான்கு நாளாக ஒரே அளவில் இருந்தால் தாராளமாகப் போகலாம். மெதுவாகக் குறைந்துகொண்டு வந்தால், என் அனுபவத்தில் அதுதான் நல்ல நாள். ஓரத்துப் புல்லுக்குள் மேய்ந்துகொண்டிருந்த மீனெல்லாம் பள்ளத்துக்கு இறங்கிச் சேர்ந்துவிடும். திடீரென்று பாதியாகக் குறைந்தால் மீன் மிரண்டுபோய் வாயே திறக்காது. அன்றைக்கு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

கரைக்குப் போனதும் ஒரு சின்னச் சோதனை. ஓரமாக உட்கார்ந்து கையை முழங்கை வரை தண்ணீரில் விடுங்கள். விரல் நகம் தெரிகிறதா? தெரிந்தால் மீனுக்கு உங்கள் நரம்பும் தெரியும். மெல்லிய நரம்பு போட்டு, நிழல் தண்ணீரில் விழாமல் தள்ளி உட்கார வேண்டும். மணிக்கட்டோடு கை மறைந்துபோனால் கண்ணை நம்பும் மீன் அன்றைக்குக் கிடைக்காது. வாசனை பிடித்து வரும் கெளுத்திக்கும் விலாங்குக்கும் மண்புழு கோத்துப் போடுங்கள்.

எந்த மாதம் எப்படி

ஜூன், ஜூலையில் புதுத்தண்ணீர் நுங்கும் நுரையுமாக வரும்போது மீன் எதிர்த்து ஏறும். மதகுக்கு மதகு கூட்டம் நிற்கும், வலை, கூடை, புடவை எல்லாம் வரும். தூண்டிலுக்கு அது ஏற்ற காலம் இல்லை. தவிர ஏறுகிற மீனில் பாதி சினை. நான் அந்த இரண்டு வாரம் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி. ஆகஸ்ட், செப்டம்பர் மிதமான காலம், சாயங்கால இடி மழை ஒன்றுதான் தொந்தரவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெரிய ஆறுகளை மறந்துவிடுங்கள். ஆனால் வயலோர வாய்க்காலிலும் வடிகாலிலும் குறவையும் கெளுத்தியும் விராலும் திரியும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது தை, மாசி. அணை மூடி, ஓட்டம் மெலிந்து, தண்ணீர் தெளிந்து, மீன் மடுவுக்கு மடு தங்கிவிடும். வெயிலும் கொல்லாது. சித்திரையில் ஆறு மணலாகக் கிடக்கும், அப்போது முகத்துவாரம்தான் கதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது விசைப்படகுகளுக்கு, கரையில் நின்று ஒற்றைத் தூண்டில் போடுகிறவரை அது தடுக்காது.

சாமான்

முதல் நாளைக்கு ரீல் வேண்டாம். உங்கள் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு நீளமுள்ள, நுனி வளைகிற மூங்கில் கழி ஒன்று. கடையில் மடக்கு ராடு கிடைத்தாலும் சரி, ஆனால் ஒரு எச்சரிக்கை: கருப்பாக எடை குறைவாக இருக்கும் கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். டெல்டாவில் வாய்க்கால் கரையோடு மோட்டார் கொட்டகைக்குப் போகும் கம்பிகள் தாழத் தொங்கும். ராடைத் தூக்குவதற்கு முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு ஏதாவது வீட்டுக்குள் போய்விடுங்கள், புளியமரத்தடி வேண்டாம்.

நரம்பு, ஆற்றுக்கு 0.25 மில்லிமீட்டர், முகத்துவாரத்துக்கு 0.40. தூண்டில் முள் வாங்கும்போது எண் குழப்பும். எண் ஏற ஏற முள் சிறுக்கும்: கெண்டைக்கு 12, ஜிலேபி மீனுக்கு 8, கெளுத்திக்கு 4. ஒன்றைத் தாண்டியதும் கணக்கு திரும்பிவிடும். 1/0, 2/0, 3/0 என்று பெரிதாகிக்கொண்டே போகும். கொடுவாவுக்கு 3/0 என்று கேளுங்கள். முள் முனையை ஒட்டி எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொக்கியைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுவது நல்லது. நான் இதைச் செய்ய ஆரம்பித்தது என் ஆள்காட்டி விரலில் 4ஆம் எண் முள் முழுசாக இறங்கிய பிறகு. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஊசி போட்டு, வெட்டி எடுத்து, அந்த மாதக் கறிமீன் செலவை எல்லாம் பில்லாகக் கொடுத்தார்கள்.

தக்கைக்கு நான் இன்னும் நெட்டிதான். தஞ்சாவூரில் கோயிலும் கோபுரமும் செய்கிறார்களே, 2020இல் புவிசார் குறியீடுகூட வாங்கியதே, அதே நீர்த்தாவரத்தின் தண்டு. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, கொஞ்சம் மெழுகு தேய்த்து, மேல் முனையில் நெயில்பாலிஷ் சிவப்பைத் தடவிக்கொள்ளுங்கள். சிறுகெண்டை மூக்கால் தட்டினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

முடிச்சில்தான் பாதிப் பேர் மீனை விடுகிறார்கள். நரம்பை முள்ளின் காதுக்குள் நுழைத்து ஒரு சாண் வெளியே இழுங்கள். அந்த முனையை மேல் நரம்பின் மீது ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். காதுக்குப் பக்கத்தில், முதல் சுற்றுக்கும் காதுக்கும் நடுவில் ஒரு சின்ன வளையம் நிற்கும். முனையை அதற்குள் விட்டு, அப்போது உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் விட்டு எடுங்கள். இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். உலர்ந்த நரம்பு உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலம் போய்விடும். மெதுவாக இழுத்தால் சுற்றுகள் ஸ்பிரிங் மாதிரி வரிசையாக உட்காரும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தால் சோம்பல்படாமல் அறுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

இரைக்கு மண்புழு, இல்லையென்றால் பரோட்டாக் கடையில் ஒரு உருண்டை மாவு. எண்ணெய் பூசிய அந்த மாவு தண்ணீரில் சீக்கிரம் கரையாது. ஜிலேபி மீனுக்கு அதைவிடப் பிடித்த இரையை நான் பார்த்ததில்லை. கூட்டம் சேர்க்க, தவிட்டையும் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கையும் பிசைந்து எலுமிச்சை அளவில் நாலு உருண்டை. அதற்கு மேல் போட்டால் மீன் வயிறு நிறைந்து உங்கள் முள்ளைச் சட்டை செய்யாது.

ஆழம் பார்த்துப் போடுவது

இடம் தேடும்போது ஓட்டத்தைப் பாருங்கள். மரம் சாய்ந்த இடம், படித்துறைச் சுவர் முடியும் மூலை, பாலத் தூணுக்குப் பின்னால், இங்கெல்லாம் தண்ணீர் ஒரு சுழி சுழன்று நிற்கும். மீன் அந்த நின்ற தண்ணீரில் உடம்பைப் போட்டுக்கொண்டு, ஓடுகிற தண்ணீர் கொண்டுவரும் தீனியைக் கொத்தும். இரை விழ வேண்டியது இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டில்.

இரை கோப்பதற்கு முன் முள்ளில் கனமான ஈயக்குண்டு ஒன்றைச் சொருகி இறக்குங்கள். தக்கை மூழ்கிப்போனால் ஆழம் அதிகம், தக்கையை மேலே ஏற்றுங்கள். தக்கை படுத்துக் கிடந்தால் நரம்பு நீளம், கீழே இறக்குங்கள். தக்கையின் சிவப்பு முனை மட்டும் வெளியே நின்றால் அதுதான் அடி. அங்கிருந்து கணக்கு எளிது: கெளுத்திக்கும் மிர்காலுக்கும் அடியிலேயே கிடக்கட்டும், ஜிலேபிக்கு நாலு விரல் தூக்குங்கள், ரோகுவுக்குப் பாதி ஆழம், கட்லா மேல்தண்ணீர் மீன். (கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் நம் காவிரியில் பிறந்தவை இல்லை, வடக்கே கங்கைப் பக்கத்து மீன்கள், இங்கே குஞ்சு விட்டுப் பழகியவை.)

தக்கை பேசும், கேட்கத் தெரிய வேண்டும். படபடவென்று துடித்து நின்று மறுபடி துடித்தால் சிறுகெண்டையோ ஜிலேபிக் குஞ்சோ இரையைப் பிய்க்கிறது, அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். துடிப்பு நின்று தக்கை சாய்ந்து ஓரமாக நகர ஆரம்பித்தால் நல்ல ஜிலேபி, அப்போது மணிக்கட்டை மட்டும் சுண்டினால் போதும். நின்றுகொண்டிருந்த தக்கை திடீரென்று எழும்பிப் படுத்தால், அடியில் மேய்ந்த மீன் இரையை வாயில் எடுத்துத் தலையைத் தூக்கியிருக்கிறது. புதியவர்கள் எல்லோரும் தவறவிடுவது இதைத்தான், தக்கை மூழ்கினால்தான் மீன் என்று காத்திருப்பார்கள். நிதானமாக, யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் ஆழத்துக்குப் போனால் விலாங்கு; உடனே தூக்கவில்லை என்றால் வேருக்குள் புகுந்துவிடும், அப்புறம் நரம்பை அறுக்க வேண்டியதுதான்.

விராலைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அல்லியும் ஆகாயத்தாமரையும் மூடிய வடிகாலில் ரப்பர் தவளையை வீசித் தத்தித்தத்தி இழுத்தால் குண்டு வெடித்ததுபோல் பாயும். எல்லோருக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் சில நேரம் தண்ணீரில் ஒரு தட்டு அகலத்துக்குச் செம்மஞ்சளாக ஒரு கூட்டம் நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சு வாங்கிப் போகும். அது விரால் குஞ்சு. தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்த நேரம் எது பக்கத்தில் போனாலும் கடிக்கும், அதனால் பிடிப்பது சுலபம். பிடித்துவிட்டால் பத்தே நிமிடத்தில் கெண்டையும் கொக்கும் குஞ்சுகளைக் காலி செய்துவிடும். அந்தச் செம்மஞ்சள் கூட்டத்தைப் பார்த்தால் ராடை மடக்கிவிட்டு நூறடி தள்ளிப் போங்கள். உயிர்த் தவளையை முள்ளில் கோர்ப்பதும் வேண்டாம்.

போகக்கூடாத இடங்கள்

கோயில் குளத்தில் தூண்டில் கூடவே கூடாது. பொரி தின்று வளர்ந்த மீன் அது, ஊரே சண்டைக்கு வரும். ஏரி குளங்கள் பெரும்பாலும் மீன் குத்தகைக்குப் போனவை, குத்தகைதாரரிடம் கேட்காமல் முள்ளை நனைக்காதீர்கள். வடுவூர் ஏரி மாதிரிப் பறவைகள் சரணாலயத்திலும் வேண்டாம். ஆற்றுப் படித்துறையில் திதி கொடுக்கிறவர்களும் குளிக்கிறவர்களும் இருப்பார்கள், முள் யார் காலிலும் ஏறலாம்.

கல்லணைக் கால்வாயில் பல இடங்களில் சிமெண்டுச் சரிவுதான் கரை. தவறி விழுந்தால் பிடித்து ஏறப் புல்கூட இருக்காது, ஓட்டமும் வேகம். நான் அங்கே போடுவதில்லை.

அப்புறம் கொள்ளிடம். இந்த ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வருடத்தில் பாதி நாள் கண்ணுக்கெட்டிய தூரம் மணலாகக் கிடந்து, நடுவில் வாய்க்கால்போல் கொஞ்சம் ஓடும். பார்க்கச் சாது. உபரித் தண்ணீர் முழுவதும் கொள்ளிடத்தில்தான் வடியும் என்பதை அந்த மணல் சொல்லாது. 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு முக்கொம்பு கொள்ளிடம் அணையில் ஒன்பது ஷட்டர்களை அடித்துக்கொண்டு போனதும் இதே ஆறுதான். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே எங்கோ திறந்த தண்ணீர் வந்து உங்கள் திட்டுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள தாழ்வை முதலில் நிரப்பும். திரும்பிப் பார்க்கும்போது தீவில் நிற்பீர்கள். மேட்டூர் நிரம்பியிருக்கிறது என்ற செய்தி வரும் வாரத்தில் நடு ஆற்றுத் திட்டுக்குப் போகவே கூடாது. மணல் அள்ளிய பள்ளங்கள் இன்னொரு ஆபத்து: முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம் இருக்கும். கொள்ளிடத்தில் தண்ணீருக்குள் இறங்கி நின்று தூண்டில் போடாதீர்கள், அவ்வளவுதான்.

முதலையும் உண்டு. அணைக்கரைக்குக் கீழேயும் சிதம்பரம் பக்கத்துப் பழைய கொள்ளிடத்திலும் சதுப்பு முதலைகள் இருப்பது அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அன்றாட விஷயம். முதலைமேடு என்று ஊர்ப்பெயரே இருக்கிறது. கலங்கல் தண்ணீர் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்காராதீர்கள், மீன் கழுவுவதும் குடலை அங்கேயே எறிவதும் வேண்டாம். கரையில் வழுவழுவென்று வயிறு தேய்த்து இறங்கிய தடம் இருந்தால் அது மாடு இறங்கிய இடம் இல்லை.

முகத்துவாரமும் கடலும்

கடைமடை இயக்கணைக்கு, அதாவது ஆற்றின் கடைசி மதகுக்கு, கீழே தண்ணீர் உப்பாகிவிடும். அதற்கப்புறம் கன அடிக் கணக்கு எடுபடாது. சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியை எடுங்கள், திதி பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய மூன்று நான்கு நாள் ஏற்றமும் வற்றமும் பலமாக இருக்கும். அஷ்டமி, நவமியில் மந்தம். நம் கரையில் பெரிய ஏற்றம் என்றாலும் ஒரு மீட்டருக்குள்தான், ஆனால் குறுகிய முகத்துவாரத்தில் அந்த ஒரு மீட்டரே ஆற்றைத் திருப்பி ஓட வைக்கும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இன்றைக்குக் காலை ஏற்றம் எத்தனை மணிக்கு உச்சிக்கு வந்தது என்று பாலத் தூணில் ஈரக்கோட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டால், நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். இரண்டு வாரத்தில் சுற்றி அதே நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். இதற்குச் செயலியெல்லாம் தேவையில்லை.

நிற்கும் தண்ணீரில் கடிக்காது, நகரும் தண்ணீரில்தான். ஏற்றத்தில் மடவையும் கிழங்கானும் உள்ளே வரும், பின்னாலேயே கொடுவா வரும். வற்றத்தில் உப்பங்கழிகளிலிருந்து இறால் வெளியே இறங்கும். கழிவாயில் கொடுவாவும் செப்பிலியும் காத்திருக்கும். உயிர் இறாலை வால் பக்கம் கோர்த்து அந்த வாயில் விடுங்கள். இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்காமல் தண்ணீர் நின்றுவிட்டால் சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்கலாம்.

காற்றை மீனவர்கள் பெயர் சொல்லி அழைப்பார்கள்: மேற்கே இருந்து கச்சான், தெற்கே சோழகம், கிழக்கே கொண்டல், வடக்கே வாடை. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும் காலைகளில் கரையோரக் கடல் படுத்துக் கிடக்கும், வீச்சும் தூரம் போகும். மத்தியானம் கடற்காற்று திரும்பியதும் முகத்தில் உப்பு அடிக்கும், மூட்டையைக் கட்டிவிடலாம். வாடைக் காலத்தில், அதாவது ஐப்பசி முதல் மார்கழி வரை, நாகப்பட்டினம் துறைமுகத்திலோ காரைக்காலிலோ ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றினாலே கரைப்பக்கம் போகாதீர்கள். வானிலை மையமும் கடல் தகவல் மையமான இன்காய்ஸும் சொல்லும் அலை எச்சரிக்கை படகுக்காரர்களுக்கு மட்டும் இல்லை, பாறை மேல் நிற்கிறவருக்கும்தான்.

கடற்கரை இரண்டு வகை என்று மனதில் வையுங்கள். பழையாறு, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று கோடியக்கரை வரை வங்கக் கடல் நேராக அடிக்கும் கரை. கோடியக்கரையைத் திரும்பினால் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் என்று பாக் நீரிணை: அலை இல்லாத, ஆழம் இல்லாத, சேறும் கடற்புல்லும் நிறைந்த தண்ணீர். முதல் வகைக் கரையில் அலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உடையாது. வெள்ளை நுரைக்கு நடுவே நுரை இல்லாமல் கருத்து ஒரு பட்டை தெரியும். அங்கே ஆழம், மீன் அந்த வாய்க்காலில்தான் வரும். ஆளை உள்ளே இழுக்கும் ஓட்டமும் அதேதான். அதனால் அதன் ஓரத்தில், முழங்காலுக்கு மேல் நனையாமல் நின்று வீசுங்கள். இழுத்துவிட்டால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

இரண்டாம் வகையில் அலை பயமில்லை, கால்தான் பயம். சேறு முட்டி வரை வாங்கும், சிப்பி அறுக்கும், திருக்கை மணலில் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போகும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது, கோடியக்கரையும் சரணாலயம். தஞ்சை, புதுக்கோட்டைக் கடலை 2022இல் கடல்பசு காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள், அறுந்த நரம்பைத் தண்ணீரில் விட்டு வராதீர்கள்.

கையைக் காப்பது

கடல் கெளிறும் ஆற்றுக் கெளுத்தியும் முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள் வைத்திருக்கும். ஈரத் துணியால் தலையை அமுக்கிப் பிடித்துக் குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். தேளி குத்தினால் பெயருக்குத் தகுந்த மாதிரிக் கடுக்கும். குத்து வாங்கிவிட்டால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் முக்கி வையுங்கள், வலி குறையும். திருக்கை குத்தினாலும் இதே முதலுதவிதான், பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. பேத்தை மீன் உப்பிக்கொண்டு வரும், குழந்தைகள் சிரிக்கும். விஷ மீன், சமைத்தாலும் விஷம் போகாது. விட்டுவிடுங்கள், வீட்டுக்கு வேண்டாம். வரப்பில் இருட்டில் நடக்கும்போது டார்ச்சும் மூடிய செருப்பும் கட்டாயம்.

கேட்டுவிட்டுப் போடுங்கள்

மீனவர் ஊர்க் கரையில் நின்று தூண்டில் போடுவதற்கு முன் ஒருவரிடமாவது கேளுங்கள். "அண்ணே, இந்தப் பக்கம் தூண்டி போடலாமா?" என்றால், "போடுங்க தம்பி, ஆனா மதியத்துக்கு மேல கரவலை வரும், அப்ப அங்கிட்டு தள்ளிக்குங்க" என்று அவரே சொல்லிவிடுவார். கூடவே, நேற்று எது கடித்தது என்பதும் வரும். கரைவலை இழுக்கும்போது கயிற்றுக்குப் பக்கத்தில் முள்ளோடு நிற்காதீர்கள். சில ஊர்களில் நாட்டார் பஞ்சாயத்துக் கட்டுப்பாடு இருக்கும், ஊர்த் திருவிழா, துக்கம் என்றால் கடலுக்கே போக மாட்டார்கள். அன்றைக்கு நீங்கள் மட்டும் ராடோடு நிற்பது அழகில்லை.

வேண்டாத சிறு மீனை ஈரக் கையால் பிடித்துத் தண்ணீரில் மெதுவாக விடுங்கள், எறியாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் மட்டும் திரும்ப விட வேண்டாம், மற்ற மீனையெல்லாம் தின்று தீர்த்துவிடும்.

ஆற்று மீன் சேற்று வாடை அடிக்கிறது என்று வீட்டில் முகம் சுளித்தால், செதில் எடுத்ததும் ஒரு பிடி கல்லுப்பும் மஞ்சளும் போட்டு, அம்மியிலோ சொரசொரப்பான சிமெண்டுத் தளத்திலோ தோலைத் தேய்க்கச் சொல்லுங்கள். கழுவுகிற தண்ணீர் கலங்கலாக வருவது நிற்கும் வரை, நாலைந்து தடவை. வயிற்றுக்குள் இருக்கும் கருப்புத் தோலையும் உரித்துவிட வேண்டும். ஜிலேபியில் கசப்பும் வாடையும் பாதி அங்கேதான் இருக்கிறது.